பாலக்கோட்டு அம்மாவுக்கு: தம்பி கேட்பது நல்ல வேலைதான்

அம்மா, வணக்கம். போன வாரம் தருமபுரியில் பார்த்தபோது, "கோடிங் படிடான்னா, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிற வேலைக்குப் போறேங்கிறான்" என்று கண் கலங்கினீர்கள். அன்று கூட்டம், நிதானமாகப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஓசூரில் ஒரு பெரிய தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பிரிவில் விண்டோஸ், டிசைன் பிரிவில் மேக், சர்வர் அறையில் லினக்ஸ். புதிதாக ஒருவர் சேர்ந்தால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டுக் கட்டுப்படியாகாது. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை ஏதாவது ஒரு மெஷினில் மூட மறந்துவிட்டால் இன்னும் ஆபத்து. அதனால் ஆள் பட்டியலை ஒரே இடத்தில் வைக்கிறார்கள். ஆக்டிவ் டைரக்டரி அப்படி ஒன்று. புது மெஷின் வந்ததும், எல்லா மெஷினையும் நிர்வகிக்கும் மென்பொருளே அதை அந்தப் பட்டியலோடு இணைத்துவிட வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்யவும், கெட்டால் சரிசெய்யவும் தெரிந்த ஆளாகத்தான் தம்பி ஆசைப்படுகிறான். பைத்தான், ஷெல் ஸ்கிரிப்ட் எல்லாம் இதிலும் உண்டு.

கோர்ஸுக்காக நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் அம்மா. வீட்டு லேப்டாப்பில் மெமரி 16 ஜிபி இருந்தால் தாராளம். ஒரே லேப்டாப்புக்குள் பல மெஷின்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ், லினக்ஸில் ஒரு வகையான உபுண்டு, ஆக்டிவ் டைரக்டரியின் வேலையை லினக்ஸில் செய்யும் சாம்பா மூன்றும் இலவசம். 2012-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து சாம்பாவே டொமைன் கன்ட்ரோலராக, அதாவது அந்த ஆள் பட்டியலை வைத்து லாகினைச் சரிபார்க்கும் சர்வராக, வேலை செய்யும்.

தம்பி, இனி உனக்கு. விண்டோஸ் ஹோம் பதிப்பு டொமைனில், அதாவது அந்த ஒரே பட்டியலின் கீழ் வரும் மெஷின்களின் குழுவில், சேராது. தெரியாமல் அதோடு மல்லுக்கட்டி நாளை வீணாக்காதே. சாம்பாவில் டொமைனை அமைத்து, ஒரு உபுண்டு மெஷினைக் கையாலேயே சேர். லாகின் ஆகிறதா? சரி, இப்போது அந்த மெஷினில் நேரம் தானாகத் திருந்தும் வசதியை நிறுத்திவிட்டு, கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னே தள்ளு. நேர வித்தியாசத்தைக் கேஇனிட் தானே சரிக்கட்டிவிடாமல் இருக்க, krb5.conf கோப்பின் [libdefaults] பகுதியில் kdc_timesync = 0 என்று போட்டு, லாகின் அனுமதிச் சீட்டு கேட்கும் 'கேஇனிட்' கட்டளையைக் கொடு. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் சர்வர் மறுக்கும். 'க்ளாக் ஸ்க்யூ', அதாவது கடிகார வித்தியாசம், என்று பிழை வரும். டொமைனில் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறையில் நேரமும் ஒரு சாட்சி. வழியில் யாராவது பிடித்துவைத்த பழைய தகவலை மறுபடி அனுப்பி உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக, வழக்கமாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுத்துக்கொள்ளும். இதை நீயே கெடுத்து நீயே சரிசெய்தால், இன்டர்வியூவில் யார் கேட்டாலும் நாக்கு குழறாது.

மெஷினைச் சேர்ப்பதைக் கையால் மூன்று முறை செய்த பிறகே, அதே வேலையைப் பல மெஷின்களில் தானாகச் செய்யும் ஆன்சிபிளில் எழுது. டொமைன் பாஸ்வேர்டை ஸ்கிரிப்டுக்குள் அப்படியே வைத்துவிடாதே. ஆன்சிபிளிலேயே வால்ட் இருக்கிறது, அதில் பூட்டி வை. இந்தப் பழக்கம் இல்லாதவனிடம் எந்தக் கம்பெனியும் சாவியைக் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது.

அம்மா, முதல் வேலை பெரும்பாலும் ஹெல்ப்டெஸ்க்காகத்தான் இருக்கும். நைட் ஷிஃப்டும் வரலாம், பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு மாற்றிக் கொடுப்பதே பாதி நாளை விழுங்கும். "இதுக்கா படிக்க வச்சோம்" என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள். எந்த இடத்தில் லாகின் சிக்குகிறது என்பது அங்கேதான் பிடிபடும்.

ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். செய்தது, வந்த பிழை, தீர்த்த விதம் மூன்றையும் தேதி போட்டு எழுதட்டும். இருபது பக்கம் நிரம்பியதும் அந்த நோட்டோடு ஒரு சனிக்கிழமை வாருங்கள். ரெஸ்யூமை அதைப் பார்த்தே எழுதிவிடலாம்.