பொருள் தெரியாத பாட்டு

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் படிக்கும் என் மகள் நாள் முழுக்கக் கொரியப் பாட்டுதான் கேட்கிறாள். வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு கூடவே பாடுகிறாள். பொருள் தெரியாமல் ஒரு பாட்டை உண்மையிலேயே ரசிக்க முடியுமா? ஊரே கேட்கிறது என்பதற்காகக் கேட்பதுதானே?

க.

அன்புள்ள க.,

முடியும். 1963 ஜூனில் அமெரிக்காவில் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது ஒரு ஜப்பானியப் பாட்டு. இரு நாடுகளும் மோதிக்கொண்ட இரண்டாம் உலகப் போர் முடிந்து பதினெட்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. பாடியவர் கியூ சகமோட்டோ. கண்ணீர் கீழே விழுந்துவிடக் கூடாதென்று அண்ணாந்து பார்த்தபடியே நடக்கிற ஒருவனின் பாட்டு அது. அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து 1960இல் நடந்த போராட்டம் பலிக்காத வேதனையில் ரொகுசுகே எய் எழுதியது. இதெல்லாம் அமெரிக்காவில் கேட்டவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? தலைப்பு வாயில் நுழையாது என்று பாட்டின் பெயரையே 'சுகியாகி' என்று மாற்றித்தான் அங்கே விற்றார்கள். சுகியாகி என்பது மாட்டிறைச்சிச் சமையல். பாட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆனால் ஓரிடத்தில் சகமோட்டோ வார்த்தைகளை விட்டுவிட்டுச் சீழ்க்கை அடிப்பார். மெட்டு துள்ளலாகத்தான் போகும், சீழ்க்கையில் மட்டும் யாருமில்லாத தெருவில் ஒருவன் தனியாக நடப்பது கேட்கும். பொருள் தெரிவதற்கு முன்பே அந்த இடம் என்னைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் பொருளைப் படித்தபோது, ஏற்கெனவே பாதி தெரிந்திருந்த மாதிரி இருந்தது.

ஊரே கேட்பதால் கேட்கிறார்கள் என்பதிலும் உண்மை உண்டு. ஜெர்மனியின் நேனா குழு 1983இல் வெளியிட்ட 'தொண்ணூற்றொன்பது பலூன்கள்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வானில் பறக்கும் பலூன்களைக் கண்டு மிரண்டு நாடுகள் போரில் இறங்கி அழிகிற கதை. அடுத்த வருஷம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது அதன் ஆங்கில வடிவம். அமெரிக்காவிலோ, ஆங்கில வடிவம் இருந்தும் ஜெர்மன் பாட்டுதான் இரண்டாம் இடம் வரை போனது. அங்கே வானொலிக்காரர்கள் திரும்பத் திரும்பப் போட்டது அதைத்தான். எதைக் காதில் போடுகிறார்கள் என்பது அவர்கள் கையில்தான். கேட்டது மனசில் தங்குகிறதா என்பது அவர்கள் கையில் இல்லை.

உங்கள் மகள் ஒவ்வொரு சொல்லாகக் காதால் கேட்டு எழுதி வைத்திருக்கிறாள். ஊருக்காகக் கேட்கிறவர்கள் அந்த அளவு மெனக்கெட மாட்டார்கள். அந்த நோட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பக்கத்திலேயே பொருளையும் எழுதியிருக்கக்கூடும்.