மூக்கில் அடிபட்டு மூன்று வாரம் ஆகியும் அடைப்பு தீரவில்லையே?

கேள்வி: என் வயது 34. மூன்று வாரங்களுக்கு முன் கிரிக்கெட் பந்து மூக்கில் பட்டது. சிறிது ரத்தம் வந்து நின்றது. வீக்கமும் ஒரு வாரத்தில் வடிந்தது. ஆனால் மூக்கடைப்பு, குறிப்பாக இடப்பக்கம், இன்னும் இருக்கிறது. தினமும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து விட்டால்தான் தூக்கம் வருகிறது. எலும்பு முறிந்திருக்குமோ? எக்ஸ்ரே எடுக்கலாமா?

பதில்: வீக்கம் வடிந்த பிறகு மூக்கின் தோற்றம் முன்போலவே நேராக இருந்தால், எலும்பில் மெல்லிய விரிசல் இருந்திருந்தாலும் அதற்கெனச் சிகிச்சை தேவைப்படாது. மூச்சு செல்லும் வழியில் பெரும்பங்கு வகிக்கும் குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால், அந்தச் செலவு வேண்டாம்.

எனக்கு முதல் சந்தேகம் உங்கள் சொட்டு மருந்தின் மீதுதான். அது விரிந்த ரத்தக்குழாய்களைச் சுருக்கி உடனே வழிவிடும். ஆனால் ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தணியும்போதெல்லாம் உட்சவ்வு முன்னிலும் அதிகமாக வீங்கும். அடி ஆறிய பிறகும் அடைப்பு நீடிப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஒரே நாளில் நிறுத்துவது கடினமென்றால், முதலில் ஒரு துவாரத்தில் மட்டும் நிறுத்திவிட்டு, அது திறந்தபின் மற்றதிலும் நிறுத்துங்கள். முதல் சில இரவுகள் சிரமமாகத்தான் இருக்கும். தலையணையை உயர்த்திப் படுப்பதும், கொதிக்க வைத்து ஆறிய நீரில் கலந்த உப்புக் கரைசலால் மூக்கைக் கழுவுவதும் உதவும். ஸ்டீராய்டு ஸ்பிரேயை மருத்துவர் சொன்னால் பயன்படுத்துங்கள். அதன் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும்.

இடப்பக்கமே அதிகம் அடைக்கிறது என்பதால், காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருமுறை மூக்கின் உள்ளே பார்த்துவிடுவது நல்லது. அடிபட்டதும் நடுச்சுவரில் ரத்தம் கட்டினால், அதை ஓரிரு நாட்களுக்குள் வடித்தாக வேண்டும். தவறினால் குருத்தெலும்பு அழிந்து மூக்குத்தண்டு உள்வாங்கிவிடும். உங்களுக்கு வலியும் காய்ச்சலும் இல்லையென்றால் அதற்கான வாய்ப்பு குறைவு. நடுச்சுவர் விலகியிருப்பதாகத் தெரிந்தாலும் கலங்க வேண்டாம். அடிபடுவதற்கு முன்பே அப்படி இருந்திருக்கலாம், பலருக்கும் அது தொந்தரவே தருவதில்லை. சொட்டு மருந்தை நிறுத்திச் சில வாரங்கள் கழித்தும் மூச்சுவிடச் சிரமம் இருந்தால் மட்டுமே அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கலாம்.

குனியும்போது ஒரு பக்கத்திலிருந்து தண்ணீர் போன்ற தெளிந்த திரவம் சொட்டினாலோ, காய்ச்சலுடன் மூக்கில் வலி கூடினாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.