மாடு மேய்க்கத்தான் போகட்டுமே

போன சனிக்கிழமை சிங்கப்பூரின் ஈசூன் சமூக மன்றத்தில் மேற்படிப்பு ஆலோசனை கேட்க மகளோடு வந்து என் எதிரே உட்கார்ந்த அம்மா, பேசத் தொடங்குமுன் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமீது விரித்தார். ஒரு பக்கம் மகளின் ஏ லெவல் மதிப்பெண்கள். மறுபக்கம் உறவினர்களின் யோசனைகள், யார் சொன்னது என்ற விவரத்தோடு. முதல் வரி அத்தையுடையது: இங்கே மருத்துவம். கிடைக்காவிட்டால் சென்னையில் தனியார் கல்லூரி. அதுவும் இல்லையென்றால் ஆஸ்திரேலியாவில் கால்நடை மருத்துவம். "எப்படியும் பேருக்கு முன்னால டாக்டர்னு வந்துடுமே." மகள் சொன்னது மட்டும் அந்தத் தாளில் இல்லை. கேட்டதும் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆடு மாடு எப்படிக் கிழடாகுதுன்னு படிக்கணுமாம் சார்."

நல்ல மதிப்பெண்தான், பயப்படாதீர்கள் என்று ஐந்து நிமிடம் ஆறுதல் சொன்னேன். அதற்குள் அத்தை கேட்டதாக இன்னொன்றையும் சொன்னார்: "இவ்வளவு படிச்சிட்டு மாடு மேய்க்கப் போறாளா?" அதோடு என் ஆறுதல் தீர்ந்துபோனது. அடுத்த குடும்பம் வெளியே காத்திருந்ததால் அன்று முழுதாகப் பேச முடியவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன் அம்மா.

முதலில் பணம். சென்னையில் படித்துத் திரும்புகிறவர் இங்கே மருத்துவராகப் பதிய வேண்டுமென்றால், அவர் படித்த கல்லூரி சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் பட்டியலில் இருக்க வேண்டும். உலகம் முழுவதற்குமான அந்தப் பட்டியல் 2020-இல் 160 கல்லூரிகளிலிருந்து 103 ஆகச் சுருங்கியது. 2025-இல் 112 ஆனது. அத்தை சொல்லும் கல்லூரி அதில் இருக்கிறதா என்று அத்தையையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவத்துக்கோ இங்கே கல்லூரியே கிடையாது. ஆஸ்திரேலியாவில் ஐந்தாறு ஆண்டு படிப்பு, தங்கும் செலவு எல்லாம் சேர்த்தால் உங்கள் நான்கறை வீட்டின் மறுவிற்பனை விலையில் பாதியாவது கரைந்துவிடும். மத்திய சேமநிதியிலிருந்து கல்விக் கடன் எடுக்கலாமே என்றீர்கள். அது இங்குள்ள அங்கீகரித்த கல்வி நிலையங்களுக்கு மட்டும்தான், வெளிநாட்டுக்குச் செல்லாது. வீட்டை விற்பதைப் பற்றி இனி என்னிடம் பேச வேண்டாம். படிக்கப் போகிறவளே கேட்காத ஒரு பட்டத்துக்காக ஒரு குடும்பம் வீட்டை விற்பதற்கு நான் தலையாட்ட மாட்டேன்.

இனி மகள் சொன்னதற்கு வருவோம். நம் ஊர் மாட்டுச் சந்தையில் வயது தெரிய வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். கீழ்த்தாடை முன்பற்கள் எட்டும் ஐந்து வயதுக்குள் விழுந்து முளைத்துவிடும். அதற்குமேல் தேய்மானத்தை வைத்து ஊகம்தான். உங்கள் பெண் படிக்க விரும்புவது, பல்லுக்குப் பதில் டிஎன்ஏவைப் பார்த்து வயது சொல்லும் கலை. எபிஜெனெடிக்ஸ் என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். தமிழில் 'க' என்ற எழுத்தின்மேல் புள்ளி வைத்தால் 'க்'. எழுத்து அதேதான், ஓசை அடங்கிவிட்டது. நான்கே எழுத்துகளால் ஆன டிஎன்ஏவில் 'சி' என்ற எழுத்தின்மேல் மெத்தில் என்ற சிறு அணுக்கூட்டம் ஒட்டுவதும் ஏறக்குறைய அப்படித்தான்: மரபணு மாறாது, பெரும்பாலும் அதன் குரல் அடங்கும். வயது ஏற ஏறச் சில இடங்களில் புள்ளி கூடும், சில இடங்களில் உதிரும்.

அதை எப்படிப் படிக்கிறார்கள்? ஆட்டின் காதில் அடையாளத் தகடு குத்தும்போது ஒரு துணுக்குத் தோல் கிடைக்கிறது. அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து பைசல்ஃபைட் என்ற ரசாயனத்தில் ஊறவைத்தால், புள்ளியில்லாத 'சி' எல்லாம் 'டி' என்று படிக்கப்படும். புள்ளி வைத்த 'சி' அப்படியே நிற்கும். பிறகு வேலை முழுக்கக் கணக்கு. ஆயிரக்கணக்கான இடங்களிலிருந்து வயதைச் சரியாகச் சொல்லும் சில நூறு இடங்களைப் புள்ளியியல் பொறுக்கி எடுக்கிறது. இப்படி வயது சொல்லும் கணக்குக்குத்தான் வயதுக் கடிகாரம் என்று பெயர். 2013-இல் ஸ்டீவ் ஹோர்வத் என்ற ஆய்வாளர் மனிதர்களுக்குச் செய்த கடிகாரத்தில் அப்படி 353 இடங்கள். 2021-இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தாரும் அவரும் சேர்ந்து செம்மறியைப் பார்த்தார்கள்: காயடித்த கிடாக்களுக்கு இந்தக் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. ஆண் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்ட சில இடங்களில் அவற்றின் புள்ளிகள் பெட்டை ஆட்டைப் போலவே இருந்தன. 2023-இல் 185 பாலூட்டி இனங்களுக்கும் பொதுவான கடிகாரம் வந்தது. ஆட்டுக்குக் கற்றுக்கொண்ட கணக்கு மனிதருக்கும் உதவும் என்று நான் சொல்வதற்கு இதுதான் அடிப்படை.

பண்ணைக்கு இதனால் என்ன? ஃப்ளோரிடாவில் ஆய்ந்து பார்த்திருக்கிறார்கள். சினை மாடு ஈனுவதற்கு முந்தைய ஒன்றரை மாதம் வெயிலில் வாடினால், வயிற்றிலிருந்த கிடேரிக் கன்று வளர்ந்து ஈன்று கறக்கும்போது பால் குறைகிறது, அதுவும் மூன்று ஈற்று வரைக்கும். அப்படிப் பிறந்த கன்றுகளின் ஈரலிலும் மடியிலும் மெத்தில் குறிகள் மாறியிருந்தன. தாய் பட்ட வெயில் மகளின் மடியில் எழுதப்பட்டிருக்கிறது. நம்மைப் போன்ற வெப்ப நாட்டுக்காரர்களுக்கு இது யாரோ வெள்ளைக்காரர் பிரச்சினை இல்லை.

"சிங்கப்பூர்ல ஏது மாடு?" என்று உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி. லிம் சூ காங்கில் இருக்கும் ஒன்றிரண்டு ஆட்டு, மாட்டுப் பண்ணைகளை நம்பி யாரும் பட்டம் படிக்க முடியாது. ஆனால் இந்த வேலையில் மாடு வர வேண்டியதில்லை; உறைந்த மாதிரியும் தரவும் வந்தால் போதும். இதே எபிஜெனெடிக்ஸ் துறையில், தாய்வழி மரபணுவும் தந்தைவழி மரபணுவும் ஒன்றுபோல வேலை செய்வதில்லை என்று 1984-இல் எலிக் கருவில் காட்டியவர்களில் ஒருவரான டேவர் சோல்டர், பின்னாளில் இங்கே வந்து ஏ-ஸ்டார் என்ற அரசு ஆய்வு அமைப்பில்தான் பணியாற்றினார். மூப்பு ஆய்வுக்கு இங்கே இருக்கும் தேவையையும் நான் சொல்ல வேண்டியதில்லை. நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் காலையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். வயதுக் கடிகாரம் இன்னும் ஆய்வுக்கூடச் சரக்கு. கால்நடைத் துறையில் சம்பளம் தரும் வேலை மரபணுத் தேர்வில்தான் இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு காளை நல்லதா என்று தெரிய, அதன் மகள்கள் வளர்ந்து பால் கறக்கும்வரை ஐந்தாறு ஆண்டு காத்திருப்பார்கள். 2009-இலிருந்து அமெரிக்காவில் கன்றின் டிஎன்ஏவை வைத்தே அதிகாரபூர்வமாக மதிப்பிடுகிறார்கள். அந்தக் கணக்கு தெரிந்தவர்களுக்கு நியூசிலாந்திலும் நெதர்லாந்திலும் வேலை உண்டு. அவள் சில ஆண்டுகள் ஊரைவிட்டு இருக்க நேரலாம். அதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இங்கேயே உயிரியலில் பட்டம், கூடவே புள்ளியியலை விடாப்பிடியாக. குடிமக்களுக்கு ஆண்டுக் கட்டணம் சுமார் 8,000 முதல் 9,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சேமநிதிக் கடன் இதற்குச் செல்லும். முனைவர் படிப்பு என்று பிறகு கிளம்பினால், உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் மட்டும் போகட்டும். கைக்காசு போட்டு ஆராய்ச்சிப் பட்டம் வாங்குவதற்கு நான் எப்போதும் எதிரி.

உங்கள் பெண்ணுக்கு இது ஆறு மாத ஆசை என்றீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் கழிவறைக்குப் போயிருந்த நேரத்தில் அவள் கேட்ட ஒரே கேள்வி, "டாலி பிறக்கும்போதே அதுக்கு ஆறு வயசா சார்?" 1996-இல் ஆறு வயது ஆட்டின் மடிச் செல்லிலிருந்து குளோனிங் முறையில் நகலாகப் பிறந்த செம்மறி டாலி, 2003-இல் நுரையீரல் கட்டியால் கருணைக் கொலை செய்யப்பட்டபோது உலகமே கேட்ட கேள்வி அது. பதிலும் அவளுக்குத் தெரிந்திருந்தது: அதே செல்வரிசையில் பிறந்த நான்கு ஆடுகள் உட்பட பதின்மூன்று நகல் ஆடுகள் ஏழு முதல் ஒன்பது வயதில் நலமாக இருந்ததாக 2016-இல் நாட்டிங்காமிலிருந்து அறிக்கை வந்தது. என்னைச் சோதித்துப் பார்த்திருக்கிறாள். பொங்கலுக்கு கேம்பல் லேனில் மாடு கட்டியிருந்தபோது எல்லாரும் படம் எடுக்க, இவள் மட்டும் "இதுக்கு எத்தனை பல்லு அண்ணே?" என்று கேட்டு மானத்தை வாங்கினாள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்று சொன்னதும் நீங்கள்தான். இவளையா மருத்துவத்துக்கு அனுப்புவது?

விண்ணப்பத்தில் முதல் தெரிவை அவளே நிரப்பட்டும். அத்தைக்கு என்ன பதில் சொல்வது என்று வாசலில் நின்று கேட்டீர்கள். அவர் எண்ணை அனுப்புங்கள், நான் பேசுகிறேன். அவர் பிறந்தது கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் என்று சொன்னீர்கள் அல்லவா? மலாய் மொழியில் அந்தப் பெயருக்கு எருமைக் கொட்டில் என்று பொருள். பேச்சை அங்கிருந்தே தொடங்குகிறேன்.