பிழை துவக்கிலா, தோளிலா? – கேள்வி பதில்

கிளே, அதாவது பறக்கவிடும் தட்டு, சுடப் பழகும் கொழும்புப் பிள்ளைகள் சிலர் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அண்ணை, சொட்கனில் (சன்னத் துவக்கில்) பின்பக்கம் சைட் (குறிகாட்டி) இல்லையே, எப்படிக் குறி வைக்கிறது? (வெள்ளவத்தை)

பின் சைட் உங்கள் கண்தான், தம்பி. பிடங்கில் (தோளில் வைக்கும் பின்பகுதியில்) கன்னம் பதியும் விளிம்பு 3 மில்லிமீட்டர் உயர்ந்தால் கண்ணும் அவ்வளவு உயரும். கண்ணுக்கும் குழல் நுனியில் இருக்கும் சிறு குமிழான மணிக்கும் இடையில் 1 மீட்டர் என்று வைத்தால், 30 மீட்டரில் சன்னங்கள் (சிறு குண்டுகள்) 9 சென்டிமீட்டர் மேலே போகும். தட்டின் அகலமே 11 சென்டிமீட்டர்தான்.

எனக்கு எப்பவும் தட்டுக்குப் பின்னாலதான் வெடி போகுது. பிடங்கை வெட்டட்டா? (கொட்டாஞ்சேனை)

தயவுசெய்து வாளை எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் சுடுகிற விதத்தின் பிழை. மணிக்கு 80 கிலோமீட்டரில் குறுக்கே பறக்கும் தட்டு, சன்னம் 20 மீட்டர் போய்ச்சேரும் 0.06 செக்கனுக்குள் 1.3 மீட்டர் நகர்ந்துவிடும். விசையை இழுக்கும்போது மணியைப் பார்த்தீர்களோ, குழல் நின்றுவிடும். கண் தட்டிலேயே இருக்கட்டும். வெடித்த பிறகும் குழல் ஓடட்டும்.

அப்ப பிடங்கின் அளவு பிழையா, பழக்கம் பிழையா என்று எப்படிப் பிரித்து அறிவது? (தெமட்டகொடை)

நல்ல கேள்வி. முதலில் பழக்கத்தைச் சீராக்குங்கள். துவக்கு வெறுமையா என்று இருமுறை பார்த்துவிட்டு, தினமும் வீட்டில் தூக்கிப் பழகுங்கள். துவக்குத்தான் கன்னத்துக்கு வரவேண்டும். தலை குனிந்து துவக்கைத் தேடக்கூடாது. கண்ணை மூடித் தூக்கித் திறந்தால், ஒவ்வொரு முறையும் மணி ஒரே இடத்தில் தெரியவேண்டும். அதுவரை அளவெடுப்பதில் பயனில்லை.

பிறகு சுடுதளத்தில் 16 யார் தூரத்தில் பெரிய தாளைக் கட்டி, நடுப்புள்ளியை மட்டும் பார்த்து, குறி வைக்காமல் தூக்கியவுடன் சுடுங்கள். பல வெடிகளின் நடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். புள்ளியிலிருந்து 1 அங்குலம் விலகினால் பிடங்கில் 1/16 அங்குலம் மாற்றவேண்டும். கீழே விழுந்தால் விளிம்பை உயர்த்துங்கள். முதலில் அட்டையை ஒட்டிப் பாருங்கள். மரத்தில் கைவைப்பது கடைசியில்.

வலது தோளில் வைத்துச் சுடுகிறேன், ஆனால் என் இடது கண்தான் பலமானது. (பம்பலப்பிட்டி)

தங்கச்சி, இதற்குப் பிடங்கு மருந்தல்ல. இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் இடது தோளுக்கு மாறுங்கள், அதுதான் சிறந்தது. இல்லையென்றால் கண்ணாடியின் இடது வில்லையில் கண்மணிக்கு நேரே சிறு நாடா ஒட்டுங்கள்.

சுட்டால் பெருவிரல் மூக்கில் அடிக்குது. (மட்டக்குளி)

பிடங்கின் நீளம் போதாது. பின்னால் தடித்த றப்பர் போடுங்கள். மறுபக்கம், தூக்கும்போது கக்கத்தில் சிக்கினால் நீளம் கூட.