அலாஸ்கா கப்பல்: மே மாதமா, ஜூலையா, செப்டம்பரா?

கேள்வி: கோவையிலிருந்து அப்பா, அம்மா மே மாதம் வந்து அக்டோபர் வரை எங்களோடு டாலஸில் இருக்கப் போகிறார்கள். சியாட்டிலிலிருந்து ஏழு இரவு அலாஸ்கா குரூஸ் கூட்டிப் போக ஆசை. அப்பாவுக்கு வானத்தில் பச்சை ஒளி (நார்தர்ன் லைட்ஸ்) பார்க்க வேண்டும். ஒன்பது வயதுப் பையனுக்குக் கரடி. அம்மாவுக்கு மூட்டு வலி, குளிரும் ஆகாது. எனக்கும் கணவருக்கும் பட்ஜெட்தான் கவலை. எந்த மாதம் போகலாம்? (டாலஸ் வாசகி)

பதில்: ஒரே குடும்பத்தில் மூன்று மாதம் கேட்கிறீர்கள். அப்பா கேட்பது செப்டம்பர், பையன் கேட்பது ஆகஸ்ட், பட்ஜெட் கேட்பது மே. யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். யார் என்று முடிவு செய்ய, ஒவ்வொரு மாதமும் எதைக் கொடுக்கிறது என்று பார்ப்போம்.

அலாஸ்காவுக்குப் பெரிய கப்பல்கள் ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரைதான் ஓடும். நெரிசலும் விலையும் உச்சத்தில் இருப்பது ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை. அமெரிக்கப் பள்ளி விடுமுறை அப்போதுதான் என்பது முக்கியக் காரணம். வானிலைக்கும் அந்த விலைக்கும் நீங்கள் நினைக்கும் அளவுக்குச் சம்பந்தமில்லை.

கப்பல் போகும் தென்கிழக்கு அலாஸ்கா மழைக்காடு. கெச்சிக்கன் ஊரில் வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சென்னையில் பெய்வதைப்போல இரண்டரை மடங்கு. இந்த மழை ஜூலையில் நின்றுவிடுவதும் இல்லை. மேயும் ஜூன் முற்பகுதியும்தான் ஒப்பீட்டளவில் வறண்டவை. அதன்பின் ஏறிக்கொண்டே போய் செப்டம்பர், அக்டோபரில் கொட்டும். அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவில் மே மாதம் பெய்வதைப்போல இரு மடங்குக்கு மேல் செப்டம்பரில் பெய்கிறது. ஆக, விலை அதிகமான மாதம் நல்ல வானிலை மாதம் என்று எண்ணிக் காசு கொடுப்பவர், கிட்டத்தட்ட மற்றவர்களின் பள்ளி விடுமுறைக்குக் காசு கொடுக்கிறார்.

குளிர் என்று பார்த்தால் ஜூலை கொஞ்சம் மேல்தான். ஜூனோவில் பகல் உச்ச வெப்பம் ஜூலையில் 18 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், மேயில் 13, 14. கோவையிலிருந்து வரும் அம்மாவுக்கு இரண்டும் குளிர்தான், இரண்டுக்கும் அதே ஸ்வெட்டர்தான். பனியாற்றின் முன்னால் கப்பல் நிற்கும்போது எந்த மாதமானாலும் காற்று ஊசியாய்க் குத்தும். குரங்குக் குல்லாவும் கையுறையும் வாங்கிவிடுங்கள், குளிருக்காக மாதத்தை மாற்ற வேண்டாம்.

அடுத்து அப்பாவின் ஆசை. ஜூன் 21 அன்று ஜூனோவில் பகல் 18 மணி நேரத்துக்கு மேல். இரவு பத்து மணி தாண்டித்தான் சூரியன் மறைகிறது, மறைந்த பிறகும் வானம் முழுதாக இருட்டுவதில்லை. இருட்டாத வானத்தில் பச்சை ஒளி தெரியாது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் இருட்டு வரும், ஆனால் அப்போது அந்தக் கடற்கரையின் மேல் மேகமும் வந்துவிடும். 'அலாஸ்கா குரூஸில் நார்தர்ன் லைட்ஸ்' என்று விளம்பரம் செய்பவரிடம் எந்தத் தேதி, எந்த இடம் என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒளிக்குப் பேர்போன ஊர் ஃபேர்பேங்க்ஸ். அது நிலத்தின் நடுவில் இருக்கிறது, கப்பல் போகாது. அப்பா அக்டோபர் வரை இருக்கிறார் அல்லவா? செப்டம்பரில் அவரை மட்டும் விமானத்தில் அங்கே மூன்று நான்கு இரவு கூட்டிப் போவது, ஐந்து பேரின் கப்பல் பயணத்தை அவருக்காகச் செப்டம்பருக்குத் தள்ளுவதைவிடப் புத்திசாலித்தனம். நிலா இல்லாத இரவாகப் பார்த்துப் போங்கள்.

கரடி விஷயம் சால்மன் மீனைப் பொறுத்தது. மீன் ஆற்றில் ஏறும்போதுதான் கரடி ஓடையருகே வந்து நிற்கும். அது ஜூலை நடுப்பகுதிக்குப் பிறகு, ஆகஸ்ட் முழுதும். சிறு விமானத்தில் ஏறிக் கரடி பார்க்கப் போகும் எக்ஸ்கர்ஷனுக்கு ஒருவருக்கே பல நூறு டாலர் ஆகும். ஜூனோவில் மெண்டன்ஹால் பனியாற்றை ஒட்டிய ஸ்டீப் க்ரீக் ஓடையில், மரப்பலகை நடைபாதையில் நின்றபடியே கருங்கரடி பார்க்க வாய்ப்புண்டு. அம்மாவின் மூட்டுக்கும் அது ஒத்துவரும். ஒரு எச்சரிக்கை: பனியாற்றின் மேலே தேங்கும் நீர் திடீரென்று உடைத்துக்கொண்டு வரும் வெள்ளம் 2023, 2024, 2025 மூன்று வருடமும் ஆகஸ்டில்தான் வந்தது. அந்த நாட்களில் அந்தப் பக்கம் போக முடியாது.

திமிங்கிலத்துக்கு இந்தக் குழப்பமே இல்லை. ஹவாயில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு இரை தேடி வரும் கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் ஜூனோ பக்கம் மே முதல் செப்டம்பர் வரை இருக்கும்.

என் வோட்டு ஜூன் முதல் வாரத்துக்கு. டெக்சாஸ் பள்ளிகள் மே கடைசியிலேயே மூடிவிடுகின்றன. வடகிழக்கு மாநிலங்களில் ஜூன் பாதி தாண்டியும் பள்ளி நடப்பதால் அந்தக் கூட்டம் இன்னும் கிளம்பியிருக்காது. மலையில் பனி மிச்சம் இருக்கும், அருவிகள் நிறைந்து ஓடும், மழை குறைவு, வெளிச்சம் ஏராளம். மேயின் முதல் இரண்டு வாரம் இன்னும் மலிவு. ஆனால் எண்டிகாட் ஆர்ம் மாதிரி குறுகிய ஃபியர்டுகளில் (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடல்) மிதக்கும் பனிக்கட்டி அடைத்துக்கொண்டால் கப்பல் பாதியிலேயே திரும்பிவிடும். பையனிடம் மட்டும் கரடிக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் அவன் சொல்தான் செல்லும் என்றால் ஜூலை கடைசி வாரம், விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடக் கூடாது.

பணத்தைப் பற்றி ஒன்று. மாதம் மாறினால் குறைவது கேபின் கட்டணம் மட்டும்தான். டிப்ஸ் குறையாது. பெரும்பாலான கப்பல்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர். 18 என்று வைத்தாலும் ஐந்து பேருக்கு ஏழு நாளில் 630 டாலர். துறைமுக வரி, வைஃபை, கரையில் இறங்கிச் சுற்றும் செலவு எல்லாம் அப்படியேதான் இருக்கும். 'மேயில் 40 சதவீதம் மலிவு' என்று படித்தால் மொத்தச் செலவில் அது எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். இன்னொன்று, ஜூனில் போகிறீர்கள் என்றால் பால்கனி கேபினுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. இரவு பத்து மணி வரை மலை ஓடிக்கொண்டே இருக்கும். அம்மா கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் போர்வையோடு உட்கார்ந்து பார்க்கலாம். ஐந்து பேருக்கு எப்படியும் இரண்டு கேபின் வேண்டும். பெரியவர்களுக்குப் பால்கனி, உங்களுக்கு ஜன்னல் இல்லாத இன்சைடு என்று பிரித்துக்கொண்டால் பட்ஜெட்டும் மூச்சு விடும்.

மாதத்துக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது வழித்தடம். கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. பூங்காவின் ரேஞ்சர்களே கப்பலில் ஏறி விளக்கம் சொல்வார்கள். உங்கள் கப்பல் போகும் இடங்களின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத பயணம் நூறு டாலர் மலிவாக இருந்தாலும் நான் எடுக்க மாட்டேன்.

கேள்வி: செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்கு ஜூலை விலையில் ஏறக்குறைய பாதிதான் சொல்கிறார்கள். இதில் ஏதாவது ஏமாற்று இருக்கிறதா? நானும் மனைவியும் மட்டும்தான். (சான் ஹோசே வாசகர்)

பதில்: ஏமாற்று இல்லை. பள்ளி திறந்தபின் கப்பலை நிரப்ப அவர்கள் படும் பாடு அது. ஆனால் அந்தப் பாதி விலையில் எது வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானும் அப்படித்தான் போனேன்.

ஏழு நாளில் ஐந்து நாள் மழை. ஜூனோவில் ஹெலிகாப்டரில் பனியாற்றின் மேல் இறங்கும் எக்ஸ்கர்ஷனுக்கு முன்பதிவு செய்திருந்தோம். மேகம் மலையின் இடுப்பு வரை இறங்கி உட்கார்ந்திருந்தது. காலையிலேயே ரத்து. பணம் முழுதும் திரும்ப வந்தது, அதில் குறையில்லை. ஆனால் அந்தப் பயணத்துக்குப் போனதே அதற்காகத்தான். ஹெலிகாப்டர், சிறு விமானம் உங்கள் பட்டியலில் முதலில் இருந்தால் செப்டம்பர் வேண்டாம், மேயே நல்லது. கப்பல் மூலமாக அல்லாமல் வெளியில் மலிவாக முன்பதிவு செய்பவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வானிலையால் கப்பலே அந்தத் துறைமுகத்துக்கு வராமல் போனால் பணம் திரும்புமா? எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கடல். சியாட்டிலிலிருந்து கிளம்பும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த கடலில் போகும். வான்கூவர் நகரத்திலிருந்து கிளம்புபவை தீவுகளுக்கு நடுவே ஒதுங்கிய நீரில் போகும். ஜூனில் இந்த வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை. செப்டம்பர் கடைசியில் வயிறு சொல்லிவிடும். உங்களில் ஒருவருக்குப் பேருந்திலேயே குமட்டும் என்றால் வான்கூவர் பயணத்தைப் பாருங்கள்.

நல்லதும் உண்டு. கொசு இல்லை, கூட்டம் குறைவு. கடைக்காரர்கள் சீசன் முடிகிறதென்று பாதி விலைக்குத் தள்ளுவார்கள். என் மனைவி வாங்கிய ஜாக்கெட் மட்டும் அந்தப் பயணத்தின் வெற்றி. ஸ்கேக்வே மட்டும் மலைக்கு மறைவில் இருப்பதால் மற்ற ஊர்களைவிட மழை குறைவு. தங்க வேட்டைக் காலத்தில், 1898 முதல் 1900 வரை போட்ட ஒயிட் பாஸ் ரயில் பாதையை அங்கே பாருங்கள். இரண்டே பேர், வேலையிலிருந்து ஓய்வு வேண்டும், கப்பலே போதும் என்றால் எடுங்கள். பகலும் இரவும் சம நீளமாகிவிடும் காலம் என்பதால் பால்கனிக்குச் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் குழந்தைகளுக்கு மே மாதம்தான் லீவு. நால்வரிடமும் அமெரிக்க விசா இருக்கிறது. சியாட்டிலிலிருந்து கிளம்பி சியாட்டிலுக்கே திரும்பும் கப்பல். கடைசி நாள் மாலை விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கிறதாம். நாங்கள் இறங்கப் போவதில்லை. கனடா விசா வேண்டுமா? (சென்னை வாசகர்)

பதில்: வேண்டும். இறங்கினாலும் இறங்காவிட்டாலும் கப்பல் கனடாவுக்குள் வருகிறது, நீங்களும் வருகிறீர்கள். விசா இல்லாவிட்டால் சியாட்டிலில் கப்பல் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள், பணமும் திரும்பாது.

எதற்கு அந்தச் சில மணி நேர நிறுத்தம் என்று தோன்றும். 1886-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்று, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அந்நியத் துறைமுகம் ஒன்றைத் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்கிறது. பெரிய குரூஸ் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டுக் கொடிதான். அதனால் சட்டத்துக்காக விக்டோரியா. 2021-ல் கொரோனாவுக்காகக் கனடா துறைமுகங்களை மூடியபோது, அலாஸ்கா சீசனைக் காப்பாற்ற அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.

கனடா விசாவுக்கு ஆளுக்கு 100 கனடிய டாலர், கைரேகைக்கு 85. நான்கு பேர் ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால் கைரேகைக்குக் குடும்பக் கட்டணம் 170-தான். கப்பல் விலையோடு இதையும் கூட்டிக்கொண்டு ஒப்பிடுங்கள். பரிசீலனைக்கு எத்தனை வாரம் என்பது கூடிக் குறையும் என்பதால் டிசம்பர், ஜனவரியிலேயே போட்டுவிடுங்கள். கப்பலுக்கு முழுப் பணம் கட்டும் தேதிக்கு முன் விசா கையில் இருக்க வேண்டும். விசா கிடைத்துவிட்டால் வான்கூவரிலிருந்து கிளம்பும் பயணங்களும் திறந்துவிடும். பாஸ்போர்ட்டில் உள்ள அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா என்பதையும் பாருங்கள், கனடாவைத் தொட்டுவிட்டு அமெரிக்காவுக்குத் திரும்ப நுழைகிறீர்கள். கிரீன் கார்டு வைத்திருக்கும் உறவினர்கள் கூட வந்தால் அவர்களுக்குக் கனடா விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டும் கார்டும் போதும்.

மாதத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். தமிழ்நாட்டுப் பள்ளி லீவும் அலாஸ்காவின் மலிவான, மழை குறைந்த நாட்களும் ஒன்றாக வருகின்றன. மே மூன்றாம் வாரம் கிளம்புங்கள். கப்பல் கிளம்பும் நாளன்று காலை சியாட்டிலில் இறங்கும் விமானத்தை மட்டும் எடுக்காதீர்கள், ஒரு நாள் முன்னதாகப் போய்விடுங்கள்.

கேள்வி: கடைசி நேரத்தில் விலை குறையும் என்கிறார்களே, காத்திருக்கலாமா? (எடிசன் வாசகி)

பதில்: ஜூலைக்குக் காத்திருக்காதீர்கள். மே, செப்டம்பருக்கு வேண்டுமானால் சூதாடலாம். அதைவிட நல்ல வழி ஒன்று: முன்பணம் திரும்பக் கிடைக்கும் கட்டணத்தில் சீக்கிரமே பிடித்துப் போடுங்கள். மீதிப் பணம் கட்டும் கடைசித் தேதி பெரும்பாலும் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பு வரும். அதுவரை வாரம் ஒருமுறை விலையைப் பாருங்கள், குறைந்திருந்தால் போன் செய்து புது விலை கேளுங்கள். நீங்கள் கேட்காமல் அவர்களாகக் குறைத்துத் தர மாட்டார்கள். 'திரும்பக் கிடைக்காத முன்பணம்' என்று கொஞ்சம் மலிவாகக் காட்டும் கட்டணத்தில் இந்த வசதி போய்விடலாம்.

முன்பதிவு செய்யும் முன் துறைமுகங்களின் கப்பல் அட்டவணையையும் பாருங்கள், இணையத்தில் யாரும் பார்க்கலாம். நீங்கள் ஜூனோவில் இறங்கும் அன்று எத்தனை கப்பல் நிற்கின்றன என்பது தெரியும். 2024 முதல் பெரிய கப்பல்கள் நாளைக்கு ஐந்துதான் என்று அந்த ஊர் வரையறை வைத்திருக்கிறது. ஐந்தும் நிற்கும் நாளா, இரண்டு நிற்கும் நாளா என்று பார்த்துத் தேதியைத் தேர்ந்தெடுங்கள்.