பி.பி.இ. கிட்டுக்கு ஒரே எண் போதுமா?

நீங்கள் கேட்டது: "சீனாவிலிருந்து பி.பி.இ. கிட் இறக்குமதி செய்கிறேன். மொத்தச் சரக்கையும் 6210 என்ற ஒரே தலைப்பில் காட்டலாமா?"

காட்டலாம், கிட்டாகவே வந்து இறங்கினால்; அதாவது நோய்த்தொற்றிலிருந்து காக்கும் அங்கி, கண்ணாடி, கையுறை, முகக்கவசம் எல்லாம் ஒரே பையில் இருந்தால். (தலைப்பு என்பது சுங்கவரிப் பட்டியலில் ஒவ்வொரு பொருள் வகைக்கும் உள்ள எண்; 6210 ஒரு வகை ஆடைகளுக்கு உரியது.) முதல் சரக்கு என்று நினைக்கிறேன், அதனால் என் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். கஞ்சிக்கோட்டில் கிடங்கு வைத்து மருத்துவமனைகளுக்குச் சரக்குக் கொடுக்கிறேன். 2020 நவம்பரில் 2,000 கிட்டுகளைக் கொச்சிக்கு வரவழைத்தேன். கோவிட் சமயத்தில் பி.பி.இ.க்கு ஏப்ரல் 9-இல் அறிவித்த சுங்கவரி விலக்கு செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டிருந்தது. கப்பலில் இடம் மிச்சமாகும் என்று சொல்லி, ஆலை அங்கிகளை ஒரு பெட்டியிலும் கண்ணாடிகளை இன்னொன்றிலும் கையுறைகளை வேறொன்றிலும் அடைத்து அனுப்பியது. காலிப் பைகள் தனிக் கட்டாக வந்தன. கஞ்சிக்கோட்டில் ஆள் வைத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்று சம்மதித்தவன் நான்தான். இன்வாய்ஸில் மட்டும் 'பி.பி.இ. கிட் 2,000' என்று இருந்தது. என் சுங்க ஏஜென்ட் அதைப் பார்த்து 6210 போட்டுவிட்டார்.

அதிகாரி நாலு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "கிட் எங்கே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

எந்தப் பொருள் எந்தத் தலைப்பில் வரும் என்று முடிவுசெய்யும் பொது விளக்க விதிகளில் 3(பி)-இன்படி ஒரு தொகுப்பை ஒரே பொருளாகக் கருத, அதில் வெவ்வேறு தலைப்புகளில் வரும் பொருள்கள் இருக்க வேண்டும். அவை ஒரே தேவைக்காகச் சேர்ந்திருக்க வேண்டும். மறுபடி பேக் செய்யாமல் அப்படியே பயனரிடம் கொடுக்கும்படி இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால், தொகுப்புக்கு முக்கியத் தன்மை தரும் பொருளின் தலைப்பே முழுமைக்கும் பொருந்தும். கிட்டில் அது அங்கிதான் என்பது என் கருத்து. என் சரக்கு மூன்றாவது நிபந்தனையில் விழுந்தது. அங்கி 6210, முகக்கவசம் 6307, கண்ணாடி 9004, ரப்பர் கையுறை 4015, முகத்தை மறைக்கும் பிளாஸ்டிக் தடுப்பு 3926 என்று பிரித்தார்கள். பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்க இறக்குமதிப் படிவத்தைத் திருத்திக் கூடுதல் வரி கட்டி எடுப்பதற்குள் பதினொரு நாள் ஓடிவிட்டது. வரியைவிட, சரக்கு துறைமுகத்தில் கிடந்ததற்கான டெமரேஜ் கட்டணம்தான் அதிகம் வலித்தது. காத்திருந்த மருத்துவமனையும் வேறிடத்தில் வாங்கிக்கொண்டது.

கஸ்டம்ஸுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் சொல்வார்கள். பணத்தைக் கட்டியவன் நான். அந்த அதிகாரி விதியில் இருந்ததைத்தான் படித்தார். என் இன்வாய்ஸ்தான் இல்லாத ஒன்றைச் சொன்னது. ஏஜென்ட் பெட்டியைப் பார்க்காமல் எண் போட்டதை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

காகிதத்தில் ஒன்று, கையில் வேறொன்று என்பது எங்கள் ஊருக்குப் பழைய காயம். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லேயே சொல்லிவிட்டது. எழுபது வயது தாண்டிய என் அப்பா கிணற்று மோட்டார் இணைப்பில் பெயர் மாற்றத் தமிழில் எழுதிக் கொடுத்த மனுவை, மலையாளத்தில் எழுதி வரச் சொல்லி ஓர் அலுவலகம் திருப்பி அனுப்பியது. சட்டத்தைச் சொல்லிக் கேட்டும் பயனில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அங்கி நெய்யாத துணியா, வெறும் பிளாஸ்டிக் தாளா என்று ஆலையிடம் எழுத்தில் வாங்குங்கள். பிளாஸ்டிக் தாள் என்றால் அது 6210 அல்ல, 3926. தொடர்ந்து இறக்கப்போகிறீர்கள் என்றால் எந்தத் தலைப்பு என்று முன்கூட்டியே முடிவு சொல்லும் முன்தீர்ப்புக்கு, சுங்கச் சட்டம் 28எச் பிரிவின்கீழ் விண்ணப்பிக்கலாம். கப்பலில் ஏற்றுவதற்கு முன், மூடிய பையையும் திறந்த பையையும் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதை ஏஜென்டிடம் கொடுத்த பிறகே எண்ணைப் பற்றிப் பேசுங்கள்.