எழுபதாயிரம் ரூபாயோடு திருகோணமலையில் தோட்டம் தொடங்கலாமா?

உங்களுக்கு வயது 23, கையில் எழுபதாயிரம் ரூபாய், சொந்தக் காணி இல்லை. இதை வைத்துக்கொண்டு திருகோணமலையில் தோட்டம் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடங்கலாம். நான் 2022இல் இறங்கியபோது இதைவிடக் கொஞ்சம் கூடத்தான் வைத்திருந்தேன், முதல் போகத்திலேயே அவ்வளவும் போனது. அது எப்படிப் போனது என்று சொல்கிறேன், உங்கள் காசாவது மிஞ்சட்டும்.

எங்கள் ஊர் நிலாவெளிப் பக்கம். மணல் தரை, சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன இடம். சுற்றிவர எல்லோரும் வெங்காயம் நடுகிறார்கள், நானும் நட்டேன். அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்தேன். விதை வெங்காயம் வாங்கக் காசு காணாமல் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தேன். அந்த வருசம் ஓகஸ்டில்தான் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஒரே நாளில் ஏறியிருந்தது, இறைக்கிற செலவு நான் போட்ட கணக்குக்குள் நிற்கவில்லை. அதையும் சமாளித்தேன். மார்கழிக் கடைசியில் நட்ட வெங்காயம் நன்றாகத்தான் வந்தது. 2023 பெப்ரவரி தொடக்கத்தில் வங்கக்கடலில் இருந்த தாழமுக்கம் கிழக்குக் கரையில் ஏறியது. மழை விட்ட பிறகு ஒரு வெங்காயச் செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். மேலே தாள் பச்சையாக நிற்கிறது, அடியில் விரல் வைத்தால் வழுக்குகிறது. மணம் மூக்கை அடைத்தது. சங்கிலியை மீட்க இரண்டு போகம் பிடித்தது.

மழை எல்லோருக்கும்தான் பெய்தது. பக்கத்துக் காணிக்காரர்கள் வேறு பயிரிலும் கையிருப்பிலும் தாங்கிக்கொண்டார்கள். என்னிடமோ திரும்பவும் விதைக்க நூறு ரூபாய்கூட இல்லை. நான் விட்ட பிழை அதுதான், இருந்த முழுக் காசையும் ஒரே பயிரில், அதுவும் விதைக்கே பெருங்காசு கேட்கிற பயிரில் போட்டது. அதன் பிறகு எந்தப் பயிரைப் பற்றி யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, போட்ட காசு எத்தனையாம் நாள் கைக்கு வரும் என்றுதான். கீரை ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். வெண்டியும் பயற்றங்காயும் ஒன்றரை மாதமளவில் காய்க்கத் தொடங்கும், பிறகு கிழமைக்கு மூன்று தரம் கையில் காசு புழங்கும். பயறு இரண்டு மாதம், செலவும் குறைவு. கச்சானுக்கு மூன்று மாதத்துக்கு மேல் வேண்டும். (கச்சான் என்றால் எங்கள் பக்கம் நிலக்கடலையும்தான், ஆனி ஆடியில் தரையை வறுத்தெடுக்கிற மேல்காற்றும்தான். பயிரை நினைத்துக் காணி எடுக்கிறவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள்.) தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் சொந்த வயல் இருந்தால் நெல்லைப் பற்றி யோசிக்கலாம். குத்தகை வயலில் உழவு, உரம், வெட்டுமெசின் கூலி என்று கொடுத்துவிட்டு மூன்றரை மாதம் பார்த்துக்கொண்டிருக்க எழுபதாயிரம் காணாது.

இரண்டாம் தரம் கால் ஏக்கரில் வெண்டி போட்டேன். வெண்டியை ஒன்றுவிட்ட ஒரு நாள் ஆய வேண்டும். ஒரு கலியாண வீட்டுக்குப் போய் ஒரு நாள் தவறவிட்டேன், அடுத்த நாள் பாதிக் காய் முற்றிவிட்டது. நுனியை முறித்தால் டக்கென்று உடைய வேண்டும், வளைந்தால் கடைக்காரர் கூடையைத் திரும்பியும் பார்க்கமாட்டார். நீளக் கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள், சுணை பட்டால் கை இரவு முழுக்கக் கடிக்கும்.

காணிக்கு வருவோம். காணி வாங்குகிற யோசனை இப்போது வேண்டாம். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற, தோட்டத்தைக் கவனிக்க ஆளில்லாத வீடுகள் எங்கள் மாவட்டத்தில் நிறைய. எனக்குக் காணி தந்த பெரியப்பா முதல் நாள் சொன்னது இதுதான்: “தம்பி, மாசியில வந்து கிணத்தப் பாத்திட்டு நல்ல தண்ணி எண்டு சொல்லாத. ஆவணியில வந்து வாளியப் போட்டுப் பாரு, பிறகு குத்தகையப் பற்றிக் கதைப்பம்.” கடற்கரைப் பக்கமென்றால் தண்ணீரை வாயில் விட்டும் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகும், பிறகு அந்தக் காணியில் வெண்டியும் இல்லை வெங்காயமும் இல்லை.

புதிதாக வருகிறவர்கள் கணக்கில் எழுத மறப்பது வேலியை. உள்ளுக்குப் போகப் போக யானை. கரையில் கட்டாக்காலி மாடும் மயிலும். ஒரு இரவு நாலு மாடு உள்ளே வந்தால் ஒரு மாத வேலை போய்விடும். முள்ளுக்கம்பி விலைக்கு உங்கள் காசு கரைந்துவிடும், அதனால் ஏற்கனவே வேலி உள்ள காணியாகப் பாருங்கள். இடையில் உள்ள ஓட்டையைச் சீமைக்கிளுவைக் கதியால் நட்டு அடைக்கலாம், அதன் குழை பசளைக்கும் உதவும். தண்ணீர் மெசின் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். எருவுக்கு, மாடு வைத்திருப்பவரிடம் பேசி நடுகைக்கு முன் சில இரவு உங்கள் காணியில் பட்டி அடைக்கச் சொல்லுங்கள்.

விற்பனையில் எனக்கு இன்னும் தடுமாற்றம்தான். மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் வெளிநாட்டவர் கூட்டம், கீரையும் மல்லியிலையும் கேட்பார்கள். விலையும் நல்லது. ஆனால் காசு மாதக் கடைசியில்தான், அதுவும் நாலு தரம் அலைந்தால். டவுன் மார்க்கெட்டில் விலை குறைவு, காலை ஏழு மணிக்கே கையில் காசு. உங்கள் நிலையில் நான் இருந்தால் மார்க்கெட்டுக்கே கொடுப்பேன். தம்புள்ளை மொத்தச் சந்தைக்கு லொறியில் ஏற்றுவது பற்றிக் கால் ஏக்கர்க்காரன் யோசிக்கத் தேவையில்லை.

கமநல சேவை நிலையத்துக்கு ஒரு தரம் போய் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைப் பிடித்துக்கொள்ளுங்கள், எந்த விதை இனம் உங்கள் மண்ணுக்குச் சரி என்று அவருக்குத் தெரியும். இலை சுருண்டால், பழுத்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். உரக்கடையில் கேட்டால் மூன்று போத்தல் மருந்தோடு வீட்டுக்கு வருவீர்கள்.

எழுபதாயிரத்தில் நாற்பதுக்கு மேல் முதல் போகத்தில் இறக்காதீர்கள். நகையைத் தொடாதீர்கள். மிச்ச முப்பதை அம்மாவிடம் கொடுத்து, நீங்கள் கெஞ்சிக் கேட்டாலும் தரவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். போன மாதம் புது மெசினுக்காகக் கேட்டுப் பார்த்தேன், தரவில்லை.